பெயர் வேறு, மறை வேறு: அடையாள அட்டை எண்ணைப் பற்றிய ஒரு விளக்கம்

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டாகப் பகுத்துக் காட்டுவது நம் இலக்கண மரபு. மண், மரம், கல் என்பன காரணம் விளங்காமல் தொன்றுதொட்டு வழங்கிவருபவை. பறவை, நாற்காலி என்பன பொருளின் இயல்பையோ அமைப்பையோ காரணமாகக் கொண்டு எழுந்தவை. வகுப்பில் நாம் நாள்தோறும் சொல்லிக் கொடுக்கும் இந்தப் பாகுபாட்டை நம் சட்டைப் பையில் இருக்கும் ஒரு பொருளின்மேல் வைத்துப் பார்த்தால், தகவல் பாதுகாப்புத் துறையினர் இந்நாளில் பெரிதும் விவாதிக்கும் ஒரு சிக்கல் தெளிவாக விளங்கும். அப்பொருள் மலேசிய அடையாள அட்டை. சிக்கல், அதில் அச்சிட்டிருக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணில் இருக்கிறது.

அவ்வெண் பெரும்பாலும் காரணப் பெயரே. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். ஜொகூர் மாநிலத்துக்கு 01 என்பதும், 21 முதல் 24 வரையுள்ள எண்களும் உரியவை. இறுதி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். 1989 ஆகஸ்டு 31 அன்று ஜொகூரில் பிறந்த ஒருவருடைய எண் 890831-01 என்று தொடங்கக்கூடும் என்பதை அவருடைய அட்டையைக் காணாமலே சொல்லிவிடலாம். எஞ்சுவன நான்கு இலக்கங்கள். நான்கு இலக்கங்களால் அமையும் எண்கள் 10,000. ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிட்டால் அத்தொகை 5,000 ஆகக் குறைகிறது. ஐயாயிரம் எண்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க நமக்குச் சில நாட்கள் ஆகும்; கணினிக்கு ஒரு கண்ணிமைப் பொழுது போதும். பிறந்த நாளோ மறைவான செய்தியன்று. ஆண்டுதோறும் முகநூலில் வாழ்த்துப் பெற்று நாமே அதனை ஊரறியச் செய்கிறோம்.

எண்ணை இவ்வாறு அமைத்தது குற்றமா எனின், அன்று. பெயர் என்பது பிறர் அறிவதற்காகவே இடப்படுவது. எளிதில் உணரத்தக்க பெயர் நல்ல பெயரே. குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. அதனைக் காண இந்த அட்டையின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

1948 ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. பன்னிரண்டு வயது நிரம்பிய யாவரையும் பதிவு செய்து அட்டை வழங்கும் ஏற்பாடு அதனையொட்டியே வந்தது. அக்காகித அட்டையில் ஒருவருடைய நிழற்படமும் பெருவிரல் ரேகையும் இருந்தன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகள் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் வந்து மக்களின் அட்டைகளைப் பிடுங்கி அழித்ததுண்டு. அவர்கள் எண்களைக் குறித்துக்கொண்டு போகவில்லை, அட்டையையே அழித்தார்கள். காரணம் எளிது. சாலைக் காவலில் நின்றவர் அட்டையிலிருந்த முகத்தையும் எதிரே நின்றவரின் முகத்தையும் ஒப்பிட்டே வழிவிட்டார். எண் என்பது பதிவேட்டில் இன்ன வரியைப் பார் என்று காட்டும் குறிப்பேயன்றி வேறில்லை.

தோட்டத்துப் பெரட்டை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விரித்துச் சொல்லவேண்டுவதில்லை. விடியற்காலையில் கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். அப்பெயர் தோட்டம் முழுதும் அறிந்த பெயர். குரல் கொடுத்தவன் அப்பெயருக்கு உரியவன்தானா என்பதைக் கங்காணியின் கண் பார்த்துக்கொள்ளும். பெயரைக் கூப்பிடுவது ஒரு தொழில். ஆளைச் சரிபார்ப்பது மற்றொரு தொழில். தகவல் பாதுகாப்பு நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் அடையாளம், சான்று என்னும் இரண்டும் இவையே.

பன்னிரண்டு இலக்க எண் 1990-ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது. 2001-இல் வந்த மைகாட் அட்டையில் ஒரு சில்லு பதிக்கப்பட்டு, அதனுள் பெருவிரல் ரேகையின் விவரம் சேர்க்கப்பட்டது. பழைய நெறியே புதிய உருவில் தொடர்ந்தது என்று கொள்ளலாம். எண் பெயராகவும் விரல் சான்றாகவும் நின்றன.

இந்நெறி தொலைபேசியிலும் இணையத்திலும்தான் குலைந்தது. அங்கே கங்காணியின் கண் இல்லை. எதிர்முனையில் இருப்பவர் யார் என்று அறியும் வழியில்லாதபோது, “உங்கள் அடையாள அட்டை எண்ணைச் சொல்லுங்கள்” என்று கேட்பது பல முகப்புகளில் வழக்கமாயிற்று. பெயரைச் சொன்னவனே பெயருக்கு உரியவன் என்று கொண்டுவிட்டார்கள்! பள்ளி உலகிலிருந்தே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாணவரின் தேர்வுப் புள்ளிகளைப் பெற்றோர் வீட்டிலிருந்தே காண்பதற்காகக் கல்வி அமைச்சு அமைத்திருந்த சாப்ஸ் இணையத்தளத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். பிள்ளையின் அடையாள எண்ணை இட்டாலே புள்ளிகளைக் காணலாம். 2018 ஜூன் மாதத்தில் அத்தளத்தில் பெரும் ஓட்டை இருப்பதாகவும், மாணவர் பெற்றோர் விவரங்கள் அதன் வழியே வெளியாகக்கூடும் என்றும் செய்தி வந்தது. அமைச்சு அதனைத் தற்காலிகமாக மூடிற்று.

அதற்கு முந்தைய ஆண்டில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. 2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் என்னும் மலேசியச் செய்தித்தளம் ஒரு கசிவை வெளிப்படுத்தியது. கைத்தொலைபேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர் பட்டியல்கள் வெளியே விலைக்கு வந்திருந்தன. அவற்றில் அடங்கிய எண்கள் 4 கோடியே 62 இலட்சம். நாட்டின் மக்கள் தொகை அப்போது 3 கோடியே 20 இலட்சம் அளவில் இருந்தது. பட்டியல் மக்கள் தொகையை மிஞ்சியதற்குக் காரணம், ஒருவரே பல எண்கள் வைத்திருந்ததுதான். தொலைபேசி எண்ணோடு பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியனவும் போயின. அந்நாளில் ஜொகூரில் கைத்தொலைபேசி வைத்திருந்த ஒருவர், தம் எண் இன்னும் மறைவாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பாராயின் அது வெறும் நம்பிக்கையே.

இங்கே ஒரு மொழியாசிரியரை நினைவுகூர வேண்டும். ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்பவர் பாரிசில் ஜெர்மன் மொழி கற்பித்தவர். 1883-இல் இராணுவ இதழ் ஒன்றில் மறைமொழி எழுதும் முறைகளைப் பற்றி அவர் வகுத்த நெறிகளை இத்துறையினர் இன்றும் அடிப்படையாகக் கொள்கின்றனர். முறை முழுவதும் பகைவன் கைக்குப் போனாலும் கேடு வரக்கூடாது. திறவுகோல் ஒன்றே மறைவாக இருக்கவேண்டும். அத்திறவுகோல் எழுதி வைக்காமல் நினைவில் நிற்பதாகவும், வேண்டியபோது மாற்றத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்றார். அடையாள எண்ணை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். அது மறைவாகவும் இல்லை, மாற்றவும் முடியாது. கடவுச்சொல் களவு போனால் அன்று மாலைக்குள் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த நாள் களவு போனால் வேறு நாளில் பிறப்பதெங்ஙனம்?

மேனாட்டாரும் இதில் தவறியவர்களே. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்தே கடனும் கணக்கும் கொடுத்து வந்தனர். 2009-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து அலெசாண்ட்ரோ அக்குவிஸ்டி, ரால்ஃப் கிராஸ் என்னும் இருவர், ஒருவர் பிறந்த நாளும் மாநிலமும் தெரிந்தால் அவ்வெண்ணைக் கணித்துவிடலாம் என்று காட்டினர். 1988-க்குப் பின் பிறந்தோருள் நூற்றுக்கு 44 பேர் அளவில், முதல் ஐந்து இலக்கங்களை ஒரே முயற்சியில் அவர்களால் சொல்ல முடிந்தது. 2011 முதல் அந்நாட்டரசு எண்களைக் குறிப்பு ஏதுமின்றித் தாறுமாறாக வழங்கத் தொடங்கியது. காரணப் பெயரை இடுகுறிப் பெயராக மாற்றினார்கள் என்று நாம் சொல்லலாம். ஆனால் இடுகுறியும் பெயர்தானே? நூறு அலுவலகங்களில் எழுதிக் கொடுத்தபின் அதுவும் ஊரறிந்ததே.

மேனாட்டு வங்கிகள் மற்றொரு வேடிக்கையும் செய்தன. சரிபார்ப்பதற்காக, தாயாரின் மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைக் கேட்டன. அவ்வழக்கம் நமக்கும் வந்து சேர்ந்தது. மலேசியத் தமிழரிற் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தையின் பெயரோ, ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பதற்குப் பின்னால் அட்டையின் முகப்பிலேயே அச்சாகியிருக்கிறது. இத்தகைய கேள்விகளைக் கைவிடுமாறு அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே கூறிவிட்டது.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் இவ்விவாதம் அண்மையில் சூடேறியது. 2024 டிசம்பரில் அந்நாட்டின் நிறுவனப் பதிவுத்துறை இணையத்தளத்தில், பெயரைத் தேடினாலே முழு அடையாள எண்ணும் தெரிந்தது. மக்கள் கொதித்தனர், அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டனர். ஆயினும் அரசு தன் அடிப்படைக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எண் என்பது பெயரைப் போன்றது. அதை மறையாகக் கருதியதே பிழை என்றது. 2025 ஜூனில், எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை விரைவில் நிறுத்துமாறு தனியார் நிறுவனங்களுக்கு அறிவுரை வந்தது. நாள்தோறும் ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்வோர்க்கு இது அயல்நாட்டுச் செய்தியன்று. சிங்கப்பூர் அரசு சொன்னது சரியென்றே நாம் கருதுகிறோம். ஆனால் சொன்ன முறைமை பிழை. பூட்டை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பழைய சாவியைத் தெருவில் போட்டிருக்கவேண்டும்.

இனி, சாதாரண மக்களைப் பெரிதும் வருத்தும் பகுதிக்கு வருவோம். கள்வன் நம் எண்ணைக்கொண்டு வங்கியிடம் தன்னை நாம் என்று காட்டிக்கொள்வான் என்பதையே பலரும் அஞ்சுகின்றனர். அதைவிட மிகுதியாக நடப்பது அதன் மறுதலை. அதே எண்ணைக்கொண்டு அவன் நம்மிடம் தன்னை வங்கி என்றோ போலீஸ் என்றோ காட்டிக்கொள்கிறான். மக்காவ் மோசடி எனப்படும் தொலைபேசி ஏமாற்றின் முதுகெலும்பு இதுவே. அழைப்பவன் நம் முழுப் பெயரையும் முகவரியையும் பன்னிரண்டு இலக்கங்களையும் தடங்கலின்றி ஒப்பிப்பான். “இவ்வளவும் அறிந்தவர் அதிகாரியாகத்தான் இருப்பார்” என்று கேட்பவர் கலங்குவார். படித்தவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுங்கூட, வாழ்நாள் சேமிப்பை இழப்பது இவ்விடத்தில்தான். எண்ணை மறை என்று அவர்களுக்கு நாடே பழக்கிவிட்டது. ஆகவே மறையை அறிந்தவனை அவர்கள் நம்புகின்றனர்.

சான்று இருவழிப்பட்டதாக இருக்கவேண்டும் என்று நிபுணர் கூறுவதன் பொருள் இதுவே. நாம் வங்கிக்குச் சான்று காட்டுவது போல, வங்கியும் நமக்குச் சான்று காட்டவேண்டும். தொலைபேசியில் அதற்குள்ள எளிய வழி, பேச்சை நிறுத்திவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைப்பது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணை விட்டு உறுதியான முறைகளுக்கு மாறுமாறு 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. பணம் பறிபோனவர் உடனே அழைக்க 997 என்னும் எண் அடுத்த மாதம் ஏற்பட்டது. இங்கே நேரமே பெரிது. பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவுமுன் தடுத்தால்தான் உண்டு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் திருத்தப்பட்டு, கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. மக்களின் எண்களை மிகுதியாக வைத்திருப்பவர்களே சட்டத்துக்கு வெளியே நிற்பது நமக்கு உடன்பாடன்று.

ஜொகூரில் எழுபது அளவிலான தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்பிலேயே இப்பன்னிரண்டு இலக்கங்கள் வாய்த்துவிடுகின்றன. பன்னிரண்டாம் வயதில் மைகாட் எடுக்கும்போதும் அவையே தொடரும். சுற்றுலாவுக்கும் போட்டிக்கும் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது, எண்களோடு சேர்த்தே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிடும் வழக்கம் உண்டு. அங்கே பெயரும் வகுப்பும் போதும். எண் தேவைப்படும் அலுவலகத்துக்கு மட்டும் அதைத் தனியே அனுப்பலாம். அட்டையின் நகல் கொடுக்க நேர்ந்தால், குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று நாளிட்டு எழுதிக் கொடுப்பது இந்நாட்டில் முன்பே உள்ள நல்ல பழக்கம். கோடுகள் முகத்தை மறைக்காமலும் எழுத்தின்மேல் படியுமாறும் இருக்கவேண்டும். ஓரத்தில் எழுதினால் கத்தரித்துவிட்டு மறுநகல் எடுத்துக்கொள்வார்கள்.