பல்லி முட்டையை ஏன் புரட்டக் கூடாது?

பெருநகர் பக்கம் பழைய வீடுகளில் பரணை ஒழிக்கும்போது பட்டாணி அளவில் வெள்ளை முட்டைகள் தட்டுப்படும். வீட்டுப் பல்லி தடவைக்கு இரண்டு முட்டை இடும். இட்டதும் மெத்தென்றிருக்கும் ஓடு, காற்றுப் பட்டு இறுகி உள்ளீரத்தைக் காக்கும்.

அடைக்கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும். பல்லி முட்டைக்கு அது ஆபத்து. கோழி முட்டையில் மஞ்சள் கருவை நடுவில் தாங்கும் முறுக்குச் சரடுகள் பல்லி முட்டையில் கிடையாது. வளரும் கரு மேல்பக்க ஓட்டை ஒட்டியே மூச்சு விடுகிறது. கவிழ்த்தால் மஞ்சள் கருவின் பாரம் அதை நசுக்கிவிடக்கூடும். எடுத்தே ஆகவேண்டுமென்றால், மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, அதே கிடையில் மணல் பரப்பிய டப்பாவில், நிழலில் வையுங்கள். பொரிக்க இரண்டு மாதம்கூட ஆகலாம்.

முட்டை இருக்கும் இடத்தின் வெப்பமும் ஓர் அதிசயம் செய்கிறது. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வில், 31 டிகிரி வரை அடைவைத்த சதுப்புநில முதலை முட்டைகளில் பெண்களே பிறந்தன, 32.5 டிகிரியில் ஆண்கள். வளர்ப்புப் பிராணியான சிறுத்தைப் பல்லியிலும் 26 டிகிரியில் பெரும்பாலும் பெண்களே.

பல்லிக் குஞ்சு தன் இரட்டை முட்டைப்பற்களால் ஓட்டைக் கீறும். அவசரப்பட்டு நாம் உடைக்கக் கூடாது. மிச்ச மஞ்சள் கருவை அது உறிஞ்சிக்கொண்டிருக்கும்.