‘காஸ்தா’: ஒரு சொல்லின் பிறப்பும் பெயர்ச்சியும்

சாதியைக் குறிக்க ஆங்கிலத்தில் நாம் எழுதும் ‘காஸ்ட்’ என்னும் சொல் இந்திய மொழி எதிலும் பிறந்ததன்று. போர்த்துக்கேயத்துக்கும் ஸ்பானியத்துக்கும் பொதுவான ‘காஸ்தா’ என்பதே அதன் மூலம். அந்த மூலத்தின் மூலம் எது என்பதில்தான் சிக்கல்.

‘தூய’ எனப் பொருள்படும் ‘காஸ்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பது பழைய கொள்கை. 1611இல் ஸ்பானிய அகராதியை வெளியிட்ட கொவாருபியாஸ், புலனடக்கம் உடையோர்க்கே பிள்ளைப்பேறு மிகுதி என்று கூறி இதனை நிறுவ முயன்றார். இன்று நகைப்பைத் தரும் விளக்கம் இது. இருபதாம் நூற்றாண்டில் கொரோமினாஸ் இக்கொள்கையை மறுத்தார். விலங்குக் கூட்டத்தையும் ஒரே கூட்டில் பொரித்த குஞ்சுகளையும் குறித்திருக்கக்கூடிய கோதிக் சொல்லொன்றை மூலமாக முன்வைத்தார். அச்சொல் எழுத்துச் சான்றில்லாத மீட்டுருவாக்கமே. எனினும் நான் அவர் பக்கமே சாய்கின்றேன். போர்த்துக்கல்லில் இன்றும் திராட்சையின் வகைகளுக்குக் ‘காஸ்தா’ என்றே பெயர். ஸ்பெயினில் சண்டைக்காளையின் மரபுவழி வீறும் ‘காஸ்தா’வே. இவ்வழக்குகளில் முன்நிற்பது வளர்ப்பினம் பற்றிய எண்ணம், கற்பொழுக்கம் அன்று.

இந்தியாவுக்கு வந்த போர்த்துக்கேயர், இங்குக் கண்ட பிறப்புவழிப் பிரிவுகளுக்கு இச்சொல்லையே இட்டனர். 1567இல் கோவாவில் கூடிய திருச்சபைப் பேரவையின் தீர்மானம், உயர்ந்த காஸ்தாவினர் தாழ்ந்தோருடன் உண்ணாமை பற்றிப் பேசுகிறது. வருணம், சாதி என்னும் வேறுபட்ட இரு கருத்துகளும் பின்னர் ஐரோப்பிய எழுத்தில் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கின.

மெக்சிக்கோவில் நிகழ்ந்ததோ நேர்மாறு. ஸ்பானிய ஆட்சியில் அங்குக் ‘காஸ்தாஸ்’ எனப்பட்டோர் கலப்பு வழியினர். தந்தை, தாய், பிள்ளை என மூவரை வரைந்து கலப்பின் பெயரையும் எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டு ஓவிய வரிசைகள் புகழ்பெற்றவை. மிகேல் கப்ரேரா 1763இல் அத்தகைய வரிசையொன்றைத் தீட்டினார். தூய்மையே இச்சொல்லின் உயிர்ப்பொருளாயின், கலப்புற்றோர்க்கு அது பெயரானது எங்ஙனம்?

ஆகவே, சாதியமைப்பின் சாரம் தூய்மையே என்பதற்கு இச்சொல்லின் பிறப்பைச் சான்றாகக் காட்டும் அறிமுக நூல்களை ஐயுறவேண்டும். தூய்மை, தீட்டு என்னும் கருத்துகள் நம்மிடையே கொடுமையாக நிலவியது உண்மை. அதற்குரிய சான்றுகளை நம் ஊர்களிலும் ஆவணங்களிலும் தேடவேண்டும். இலத்தீன் அகராதியில் அன்று.

தமிழிலும் ‘சாதி’ மனிதர்க்கு மட்டும் உரிய சொல்லாக இருந்ததில்லை. தொல்காப்பிய மரபியல் நீர்வாழ் உயிர்களைச் சாதி என்கிறது. நல்ல குதிரையைச் சாதிக்குதிரை என்னும் வழக்கு இன்னும் உயிரோடிருக்கிறது.