உங்களுக்குத் தெரியுமா? ‘ஓரிரு இடங்களில்’ மழை
வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என அறிவிப்பது பொத்தாம்பொதுவான கூற்றன்று. குறிப்பிட்ட பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களுள் 25 விழுக்காட்டுக்கு மிகாதவற்றில் மட்டுமே மழை பதிவாகும் என்பதே அதன் வரையறை. இடியைத் தோற்றுவிக்கும் கார்திரள் மேகம், அதாவது தரைச்சூட்டால் மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து 10 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்கு வளரும் மேகம், தனித்து நிற்கையில் சில கிலோமீட்டர் அகலமே கொண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பெய்து ஓய்ந்துவிடுவதால், தாம்பரத்தில் தெருவெல்லாம் வெள்ளம் ஓட, மயிலாப்பூர் மொட்டைமாடியில் உலர்த்திய துணி நனையாமலே இருப்பதும் உண்டு. அதைக் கணிப்பின் பிழையென்று பழிப்பது முறையாகாது. எந்தத் தெருவில் பெய்யும் என முந்தைய நாளே சொல்ல இயலாமையால், மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் நுண்ணலைகளின் வலிமையால் மழையின் செறிவையும், அவற்றின் அதிர்வெண் மாற்றத்தால் காற்றின் போக்கையும் அறியும் டாப்ளர் ரேடாரின் துணையுடன், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு தனியே வெளியிடப்படுகிறது. பெய்த மழையின் நாட்கணக்கோ காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை கொள்ளப்படுவதால், அக்டோபர் 20 மாலையில் கொட்டிய மழை 21ஆம் தேதிக் கணக்கிலேயே ஏறுகிறது.