கோமுகம் போகிற சகோதரிகளுக்கு...

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் கோலம் போடும்போது தலையில் இறங்குகிற பனிதான். ஆனால் பத்ரிநாத், தேவப்பிரயாகை என்று திவ்யதேச யாத்திரை கிளம்புகிறவர்கள், "இவ்வளவு தூரம் போறோம், கங்கை பிறக்கிற இடத்தையும் பார்த்துடலாமே" என்று கோமுகத்தையும் சேர்த்துக் கொள்கிறார்கள். பத்ரிநாத்துக்கு பஸ் போகும். கோமுகத்துக்கோ கங்கோத்ரியிலிருந்து சுமார் 18 கிலோ மீட்டர் நடை. வனத்துறை அனுமதியும் வேண்டும். ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் தருகிறார்கள்.

எப்போது போகலாம்?

அட்சய திருதியைக்குக் கோயில் நடை திறந்தாலும், மே மாத ஆரம்பத்தில் பாதையில் பனி கிடக்கும். மே பிற்பகுதியும் ஜூன் முற்பகுதியும் நல்லது. அப்புறம் மழை வந்துவிடும், மண் சரியும். கேதார்நாத்தை 2013-ல் வெள்ளம் அழித்தது ஜூன் மாத நடுவில்தான். மழை விட்ட பின் செப்டம்பர் கடைசியிலும் போகலாம்.

விடியற்காலையே கிளம்புங்கள்

ராத்திரிக் குளிரில் பனி உறைந்து கற்களைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறினால் பனி இளகும், கல் உருளும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய சிற்றோடை, மத்தியானம் பனி உருகி முழங்காலைத் தொடும். கோமுகத்தில் பனிச்சுவரின் கீழே போய் நிற்கவே கூடாது; கட்டி கட்டியாக உடைந்து விழும். சுமார் 30 கிலோ மீட்டர் நீளமுள்ள இந்தப் பனியாறு வருஷா வருஷம் பின்வாங்கிக் கொண்டே இருக்கிறது. அது விட்டுப் போன இடமெல்லாம் பிடிப்பில்லாத கல்லும் மண்ணும்தான்.

சோறு வேகாது!

அங்கே உயரம் ஏறத்தாழ 4,000 மீட்டர். தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்து விடும். குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேகாது. அவல், சத்துமாவு, பொரிவிளங்காய் உருண்டை எடுத்துப் போங்கள். மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் நம் ஊரில் கிடைப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான்.

தலைவலியை மறைக்காதீர்கள்

போஜ்பாசாவில் தங்கிய ராத்திரி என் நாத்தனாருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி, இரண்டு தடவை வாந்தி. "வாயுதாண்டி, ஓமம் மென்னா சரியாப் போயிடும். யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். நான் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். "மேலே போகக் கூடாது, இறங்குங்கள்" என்றார் அவர். கோமுகம் நாலே கிலோ மீட்டர்! அக்கா அழுதே விட்டார். எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. மற்றவர்கள் மேலே போக, நான் அவர் கையைப் பிடித்துக் கொண்டு இறங்கினேன். சாயங்காலம் கங்கோத்ரி வந்து சேர்ந்தபோது தலைவலி போய், "பசிக்கிறதுடி" என்றார்!

இது உயரத்தால் வரும் நோய். இதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உயிருக்கே ஆபத்து. நம் பெண்களுக்கோ, உடம்பு முடியவில்லை என்று சொன்னால் நம்மால் மற்றவர்கள் யாத்திரை கெட்டுவிடுமே என்ற கவலை. அந்தக் கூச்சம் மலையில் உதவாது.

கிளம்புமுன்

ரத்தசோகை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். கர்ப்பிணிகள் இந்த யாத்திரையைத் தள்ளிப் போடலாம். இரண்டு மாதம் முன்பிருந்தே மலைக்கோட்டைப் படிகளைத் தினமும் ஏறி இறங்குங்கள். ஆனால் அது காலுக்குத்தான் பயிற்சி; உயரம் பழகுவதற்குக் கங்கோத்ரியில் இரண்டு ராத்திரி தங்கியே ஆகவேண்டும். புடவை வேண்டாம், சல்வார் கமீஸ் சௌகரியம். கம்பளிக் காலுறை, பிடிப்புள்ள ஷூ, கறுப்புக் கண்ணாடி அவசியம். தாகம் தெரியாது, ஆனாலும் நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது குடியுங்கள்.

கோமுகம் வரை போக முடியாவிட்டால்தான் என்ன? கங்கோத்ரியில் ஓடுவதும் அதே தண்ணீர்தானே!