முந்துவது யார்?

அலுவலகம் ஒன்றில் ஒரே இருப்புப் பேரேட்டை இரண்டு எழுத்தர்கள் கையாளுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பு 7 என்று இருக்கிறது. பொருள் ஒன்று வந்ததும் முதலாமவர் 7 என்பதைப் படித்து, மனத்தில் ஒன்று கூட்டுகிறார். அவர் 8 என்று எழுதுமுன், வேறொரு பொருளைப் பெற்ற இரண்டாமவரும் அதே 7ஐப் படித்துவிடுகிறார். இருவரும் 8 என்றே எழுதுகின்றனர். வந்த பொருள்கள் இரண்டு. கணக்கில் ஏறியது ஒன்று. கூட்டலில் எவரும் தவறவில்லை. ஆயினும் கணக்குத் தவறிவிட்டது.

கணினியில் நிகழும் இத்தகைய பிழையை ‘டேட்டா ரேஸ்’ என்பர். தரவுப் பந்தயம் என்று நாம் தமிழில் கூறலாம். ஒரே நினைவிடத்தை இரு பணிகள் ஒரே காலத்தில் ஒழுங்குமுறையின்றி அணுகி, அவற்றுள் ஒன்றேனும் அங்கு எழுதுமாயின், அது தரவுப் பந்தயம். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இப்பிழை கெர்னலில் நேரின் கேடு பெரிது. நினைவகம், கோப்புகள், கருவிகள் அனைத்தையும் ஆளும் இயங்குதளக் கருவே கெர்னல். நினைவகத்தின் ஒரு பகுதியை எத்தனை பணிகள் பயன்படுத்துகின்றன என்று அது எண்ணி வைக்கிறது. அவ்வெண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டால், பயனிலிருக்கும் இடமே வேறொரு பணிக்கு வழங்கப்பட்டுவிடும். இயந்திரம் முடங்கலாம், தகவல் கெடலாம், அந்நியர் உட்புகவும் வழி பிறக்கலாம்.

ஒருவர் எழுதி முடிக்கும் வரை மற்றவரைத் தடுக்கும் ‘பூட்டு’ இதற்குரிய பரிகாரங்களுள் ஒன்று. ஆனால், எங்கும் பூட்டினால் எல்லோரும் காத்திருக்க நேரும். எனவே, பூட்டு விடுபட்ட இடம் எது என்று கண்டறிய வேண்டும். அதுவோ எளிதன்று. கோடி முறை சரியாக நடந்த பின் ஒரு முறை பிழை தலைகாட்டலாம். அதைப் பிடிக்க இடையில் ஒரு செய்தியை அச்சிடச் செய்தால், அந்தச் சிறு தாமதத்தாலேயே காலப் பொருத்தம் மாறி, பிழை மறைந்துவிடும்.

இந்தத் தாமதத்தையே துணையாக்கிக்கொண்ட கருவி ஒன்று, 2020ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 5.8 பதிப்பில் இடம்பெற்றது. ‘கேசிசான்’ என்பது அதன் சுருக்கப் பெயர். நினைவகத்தை அணுகும் செயல்களுள் சிலவற்றை அது தேர்ந்தெடுத்து, அவ்விடத்தில் காவல் வைத்து, அந்தப் பணியை ஏறத்தாழ 80 மைக்ரோ விநாடி வரை நிறுத்துகிறது. அதற்குள் வேறொரு பணி அங்கு முறையின்றிக் கைவைத்தால், நிரலில் அவ்விரண்டும் மோதிய இடங்களை அறிவித்துவிடுகிறது. பூட்டு வேண்டுமா, வேறு பரிகாரம் போதுமா என்று முடிவு செய்வது மனிதர் பொறுப்பு. கருவி ஒன்றும் அறிவிக்கவில்லை என்பதால் பிழையே இல்லை என்றும் கொள்ளலாகாது.

அரிதாக நேர்வதை நேராததாகவே எண்ணிவிடக் கூடாது. இதற்குச் சான்று ‘டர்ட்டி கௌ’ எனப்படும் குறை. அது இலக்கணப்படி தரவுப் பந்தயம் அன்று. எனினும், யார் முந்துகிறார் என்பதால் விளையும் அதே இனத்துப் பிழை. படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பில் சாதாரணப் பயனர் ஒருவர் எழுதவும், அதன் வழியே கணினி முழுவதையும் கைப்பற்றவும் அது இடமளித்தது. லினக்ஸைப் படைத்த லினஸ் டார்வால்ட்ஸ் 2005இல் செய்த திருத்தம், ஒருவகைக் கணினியில் இடையூறு விளைத்தமையால் பின்னர் விலக்கப்பட்டது. அந்நாளில் ஏட்டளவில் மட்டுமே இருந்த அபாயம், காலப்போக்கில் எளிதில் நிகழக்கூடியதாயிற்று. 2016 அக்டோபரில்தான் அது சீர்செய்யப்பட்டது.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இயங்குவதும் லினக்ஸ் கெர்னலே. வெளியூரில் வாழும் நமக்கு ஊருடன் உறவாடுவதும் வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் பெரும்பாலும் அதன் வாயிலாகவே. ஆகையால், பாதுகாப்புத் திருத்தம் வந்துள்ளதாகக் கைபேசி அறிவிக்கும்போது, நேயர்கள் அதனை நாளைக்கென்று ஒத்திப்போடாதிருத்தல் நன்று.