பண்டிகைக் காலமும் முதுகுத்தண்டும்: கைவைத்தியம் எதுவரை?

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டில் இரண்டு பெரிய அலைச்சல் காலங்கள் உண்டு. ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல். இரண்டும் மகிழ்ச்சிக்குரிய நாள்களே என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த மகிழ்ச்சிக்கு உடம்பு கொடுக்கும் விலையை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அல்சூர்ப் பகுதியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இயன்முறை மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, இருந்து வருகிறேன். பண்டிகை முடிந்த மறுவாரம் என் அறைக்கு வெளியே போட்ட நாற்காலிகள் போதாது. வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: "சார், அந்த கைரோபிராக்டிக்காமே, டக்குனு திருப்பிச் சத்தம் வரவச்சா வலி போயிடுமாமே, அதைச் செய்யலாமா?" அதற்கான விடையைச் சற்று விரிவாகச் சொல்லவே இக்கட்டுரை.

மனப்பதற்றம் முதுகுவலி ஆவது எப்படி?

பதற்றம் பண்டிகைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னர்தான் திறக்கிறது. காலை எட்டு மணிக்குக் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தும் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கிறது. பிறகு பேருந்து, அல்லது சொந்தக் கார். சில்க் போர்டு சந்திப்பில் ஆரம்பிக்கும் நெரிசல் அத்திப்பள்ளி சுங்கச்சாவடி தாண்டியும் விடுவதில்லை. மதுரைக்கு 430 கிலோமீட்டருக்கு மேல். ஓட்டுகிறவர் இடுப்பை அசைக்காமல் எட்டு, பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

நெருக்கடி வரும்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்பிகளின் நீர்களை இரத்தத்தில் விடுகிறது. தசைகள் இறுகுகின்றன, குறிப்பாகப் பிடரி, தோள்பட்டை, இடுப்பு. இறுகிய தசையோடு ஒரே நிலையில் இருந்துவிட்டு, வண்டியை நிறுத்தியதும் இருபது கிலோ பெட்டியைக் குனிந்து வெடுக்கென்று தூக்கினால் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? தூக்கம் குறைந்திருந்தால் அதே வலி இன்னும் கூடுதலாகத் தெரியும்.

பெண்கள் நிலை இன்னும் கடினம். முறுக்கு பிழிவது, அதிரசம் சுடுவது, ஒட்டடை அடிப்பது, விருந்தினருக்குப் பரிமாறுவது என்று மூன்று நாள் நின்றபடியே கழிகிறது. "வலிக்குதுன்னு சொன்னா யாருங்க செய்வாங்க?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். அவருக்கு நான் எழுதிக் கொடுக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை. அவர் வீட்டில் இருந்த மூன்று ஆண்களிடம்தான் அது இருந்தது.

கைரோபிராக்டிக்கின் கதை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்னும் ஊரில் 1895-இல் டி. டி. பால்மர் என்பவர் தொடங்கிய முறை இது. 'கெய்ர்' என்றால் கிரேக்கத்தில் கை. நம் 'கை'யோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. அதை வைத்து ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. முதுகெலும்பின் மூட்டுகளில் கையால் குறிப்பிட்ட திசையில், விரைவான, சிறு அழுத்தம் கொடுப்பது இதன் அடிப்படை. நம் முதுகுத்தண்டில் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அசையும் எலும்புகள் 24.

அழுத்தும்போது 'டக்' என்று கேட்கிறதே, அது எலும்பு இடத்துக்குத் திரும்பும் சத்தம் அன்று. விரலில் சொடக்கு எடுக்கும்போது வருவதும் அதே சத்தந்தான். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துப் படமெடுத்தபோது, மூட்டு விலகும் கணத்தில் உள்ளிருக்கும் நீரில் ஒரு வாயுக்குழி உருவாவதைக் கண்டனர். ஆகவே சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்று எண்ண வேண்டாம்.

கையால் நோய் தீர்ப்பது நமக்குப் புதிதும் அன்று. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு பிரிவே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதில் ஒன்பது வகை. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களையும், ஊரில் சுளுக்கு எடுக்கும் பாட்டிகளையும் நம்மில் பலர் அறிவோம்.

எதற்குப் பயன், எதற்கு இல்லை?

பால்மர் ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பின் பிசகே காரணம் என்றார். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றை முதுகைத் திருப்பித் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மனப்பதற்றத்தை நேரடியாகத் தீர்க்கும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. வலி குறைந்தால் மனம் இலேசாகும், அவ்வளவே.

இடுப்புவலிக்கு மட்டும் ஓரளவு பயன் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி, விளக்கிச் சொல்லுதல், உளவியல் உதவி ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சையும் இடம் பெற்றது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றும் அதுவே சொல்கிறது. நம் வீடுகளில் பட்டை இல்லாத அலமாரி உண்டா?

நம்மூர்ச் சான்று ஒன்றும் உண்டு. பெங்களூரை அடுத்த ஜிகணியில் உள்ள விவேகானந்த யோகப் பல்கலைக்கழகத்தார் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 80 பேரை இரு பிரிவாக்கி, ஒரு வாரம் தங்கவைத்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களைவிட யோகப் பயிற்சி செய்தவர்களுக்கு வலியால் வரும் முடக்கம் கூடுதலாகக் குறைந்தது. முதுகின் வளைவுத்தன்மையும் கூடியது.

கழுத்து விளையாட்டுப் பொருள் அன்று

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கழுத்தெலும்பின் வழியே மூளைக்கு இரத்தக்குழாய்கள் செல்கின்றன. வேகமாகத் திருகும்போது, அரிதாக, அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். 2024-இல் நம் கர்நாடகத்திலேயே, முடிதிருத்தகத்தில் தலை மசாஜின்போது கழுத்தைத் திருகியதால் இளைஞர் ஒருவர் பக்கவாதத்துக்கு ஆளான செய்தி நாளேடுகளில் வந்தது. தீபாவளிக்கு முடிவெட்டப் போகிறவர்கள், "கழுத்தைத் திருப்ப வேண்டாம்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திருகிய பின் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் வந்தால் படுத்துப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரமே கெடு.

கைரோபிராக்டிக் செய்பவர் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டி, மருத்துவப் பின்னணி இல்லாதவருக்கு 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. வாரக்கடைசி வகுப்புச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. எலும்புத் தேய்மானம் உள்ள முதியோர், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்போர், முன்பு புற்றுநோய் இருந்தோர் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் போவதில் தடை வந்தாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ எந்தக் கைவைத்தியமும் வேண்டாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீட்டளவில் செய்யத்தக்கவை

பயணத்தில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். கிருஷ்ணகிரியில் காபிக்கு நிறுத்துவது இடுப்புக்கும் நல்லது. ஒரே பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறிய பைகள் போதும். தூக்கும்போது முழங்காலை மடக்கி, பையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள்.

அடுப்படியில் நெடுநேரம் நிற்பவர் ஒரு காலைத் தாழ்வான பலகைமேல் மாற்றி மாற்றி வைக்கலாம். முறுக்கைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிழியலாம். வீட்டு ஆண்களும் பிழியலாம், அச்சு ஒன்றும் சொல்லாது.

வலி வந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். முடிந்த அளவு நடமாடுவதே விரைவில் குணம் தரும். எண்ணெய்க் குளியலின் இளஞ்சூட்டு வெந்நீரும் இதமான தேய்ப்பும் இறுகிய தசையைத் தளர்த்தும். அல்சூர் ஏரிக்கரையிலோ, லால்பாக்கிலோ நாளுக்கு அரைமணி, வாரம் ஐந்து நாள் விறுவிறுப்பாக நடந்தாலே பெரியவர்களுக்குச் சொல்லப்பட்ட 150 நிமிடக் கணக்கு நிறைந்துவிடும். இரவில் ஏழு மணி நேரத் தூக்கத்தைப் பலகாரத்துக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதற்றம் பண்டிகைக்குப் பிறகும் நீங்காமல் தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால், 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். 2022-இல் தொடங்கிய இத்திட்டத்தின் தலைமை மையம் நம் ஊர் நிம்ஹான்ஸ்தான்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா அப்பாவுக்கு நாம் கொண்டுபோகும் முதல் பொருள் நம் நல்ல உடம்புதான். வரும் பண்டிகைக்குப் பட்டியல் போடும்போது யார் ஓட்டுவது, யார் தூக்குவது, யார் சமைப்பது, யார் ஓய்வெடுப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பண்டிகை முடிந்த வாரம் என் அறை நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் எனக்கு வருமானம் குறையும்; வருத்தம் இருக்காது.