சுடுகாட்டு மல்லியில் புற்றுநோய் மருந்து

தரிசில் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குவோர் பலர். ஆனால் இதன் இலையில்தான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் உள்ளன. 1958ல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் கொடுக்கப்படுகிறது.

இம்மருந்து நரம்பையும் தாக்கும். கை கால் மரத்துப் போகும். மருந்து நோயுள்ள இடத்தில் கூடுதலாகச் சேரும்படி, அதை நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்துச் செலுத்தும் முறை பின்னர் வந்தது. ஒரு துகளின் அளவு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! இவ்வகை மருந்துக்கு அமெரிக்காவில் 2012ல் அனுமதி கிடைத்தது. பலன் உறுதிப்படாததால் 2022ல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆராய்ச்சி நீடிக்கிறது.

நித்தியகல்யாணி வறட்சியைத் தாங்கும். தண்ணீர் தேங்கினால் அழுகும். வரிசைக்கு 45 செ.மீ., செடிக்கு 30 செ.மீ. இடைவெளி போதும். சுமார் ஓராண்டில் அறுவடை செய்து, இலையையும் வேரையும் தனித்தனியே நிழலில் உலர்த்த வேண்டும்.

டன் கணக்கான இலையில் கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும். ஆகவே மருந்தின் விலையைக் கேட்டு மயங்காமல், இலையை வாங்குவோரிடம் விலை பேசி, எழுத்தில் பெற்ற பிறகே விதைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை: இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. அது நஞ்சு. சிகிச்சைக்கு மருத்துவமனையே வழி.